ஆறாத புண் சொல்லும் செய்தி



தோலில் உண்டாகும் நோய்களைக் குறித்தும், சிறப்பாகத் தோல் புற்றுநோயைக் குறித்தும் இந்த இதழில் எழுதும்படி நமது மருத்துவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். டாக்டர்கள் இருக்கும்போது சாப்ளின் ஏன் இதை எழுதவேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதையே கேட்டேன். "நாங்கள் எழுதினால் எங்களுக்குத்தான் புரியும். நீங்கள் எழுதினால் சபையில் பின் வரிசையில் இருக்கிற பாட்டிக்கும் புரியும்" என்றார் தோல் நோய் மருத்துவர். எழுதச் சம்மதித்ததற்கு வேறொரு காரணமும் எனக்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெரியவரின் பாதம்

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறோர் இடத்தில் பணியாற்றிய நாட்களில், தொழுநோயிலிருந்து குணமடைந்த பெரியவர் ஒருவர் வாரந்தோறும் கட்டு மாற்றிக்கொள்ள வருவார். நோய் எப்போதோ போய்விட்டது. உள்ளங்காலில் இருந்த புண் மட்டும் போகவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அது சிறிது ஆறும், மறுபடியும் திறக்கும். "புண்ணும் நானும் சேர்ந்தே கிழவனாகிவிட்டோம், ஐயா" என்று சிரிப்பார். கட்டு மாற்றும் பெஞ்சில் அவர் அருகே நான் உட்கார்ந்து பேசுவேன்; ஜெபிப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் அந்தப் புண்ணின் ஓரத்தில் சதை மேலெழும்பி, காலிபிளவர் பூவைப்போலத் திரண்டிருந்ததைக் கண்டேன். வழக்கத்துக்கு மாறான வாடையும் இருந்தது. "புதுச் சதை வளருகிறது, பெரியவரே. இந்த முறை ஆறிவிடும்" என்று சொல்லி, அதற்காக ஸ்தோத்திரமும் செலுத்தினேன். மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்து அவருடைய தொடை இடுக்கில் கட்டி தென்பட்டது. புதிதாக வந்திருந்த சர்ஜன் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அது புற்றுநோய். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஆனாலும் நோய் அதற்குள் நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவியிருந்தது. அடுத்த ஆண்டு அவரை அடக்கம் செய்த ஆராதனையை நானே நடத்தினேன்.

நான் ஜெபித்தது தவறல்ல. கண்ணால் பார்த்ததை வாய்திறந்து சொல்லாமல் விட்டதே தவறு. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

தோலில் வரும் மூன்று புற்றுநோய்கள்

நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். அதன் மேலடுக்கில் மூன்று வகைச் செல்களைக் குறித்து நாம் அறிந்தால் போதும். அடியில் இருந்து புதிய செல்களைப் பிறப்பிப்பவை ஒரு வகை. மேலே வந்து தட்டையாகி, செதில்போல் அடுக்கி நம்மை மூடுபவை இரண்டாம் வகை. மெலனின் என்ற கருநிறப் பொருளைச் செய்பவை மூன்றாம் வகை. இம்மூன்றிலும் புற்றுநோய் உண்டாகலாம்.

முதலாவது, அடித்தளச் செல் புற்றுநோய். பெரும்பாலும் முகத்தில், மூக்கோரத்திலும் கண்ணோரத்திலும் சிறு பருப்போலத் தோன்றும். நம் தோலில் அது கறுப்பாகவும் இருப்பதால் மச்சம் என்று விட்டுவிடுவார்கள். மெதுவாக வளரும்; வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிகவும் அரிது. இரண்டாவது, செதில் செல் புற்றுநோய். பெரியவருக்கு வந்தது இதுவே. மூன்றாவது மெலனோமா. மூன்றிலும் குறைவாகக் காணப்படுவது இது. ஆனால் விரைவில் பரவி உயிரைக் குடிப்பதும் இதுவே.

வெள்ளைத் தோலுடையவர்கள் வாழும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தோல் புற்றுநோய்க்கு முதற்காரணம் வெயிலே. நம்முடைய தோலில் உள்ள மெலனின் வெயிலின் புறஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆகையால் இந்தியாவில் இது மற்றப் புற்றுநோய்களைப் பார்க்கிலும் மிகக் குறைவு. இதுவே ஓர் ஆபத்தாகவும் இருக்கிறது. "நமக்கு இது வராது" என்று நாமும் நினைக்கிறோம். சில வேளைகளில் மருத்துவர்களும் நினைத்துவிடுகிறார்கள். நமக்கு அது வெயில் படும் இடத்தில் மட்டும் வருவதில்லை. பழைய தழும்பிலும், ஆறாத புண்ணிலும், யாரும் பார்க்காத உள்ளங்காலிலும் வருகிறது.

பழைய புண்ணில் புதிய நோய்

தோல் காயப்படும்போது, அதை மூடுவதற்காகச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. காயம் மூடியதும் பெருக்கம் நிற்கவேண்டும். புண் ஆண்டுக்கணக்காகத் திறந்தே இருந்தால், அந்தச் செல்களும் ஆண்டுக்கணக்காகப் பெருகிக்கொண்டே இருக்கும். பெருகும்போதெல்லாம் பிழை நேர இடமுண்டு. ஒரு நாள், நிற்கவேண்டிய கட்டளைக்குக் கீழ்ப்படியாத செல் ஒன்று தோன்றிவிடுகிறது. தழும்பில் இரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே உடலின் காவற்படை அங்கே எளிதில் போய்ச் சேருவதில்லை.

இப்படிப்பட்ட புண்களை 1828ஆம் ஆண்டில் மார்ஜோலின் என்ற பிரெஞ்சு சர்ஜன் விவரித்தார். இன்றும் தழும்பிலும் நாட்பட்ட புண்ணிலும் வரும் புற்றுநோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. சிறு வயதில் வெந்த தழும்பில் முப்பது ஆண்டுகள் கழித்தும் இது வரக்கூடும்.

நம் நாட்டில் இதைக் குறித்துக் கற்றுக்கொடுத்தவர்களில் மிஷன் மருத்துவர்களும் உண்டு. 1865ஆம் ஆண்டில் காஷ்மீரில் மருத்துவ ஊழியம் செய்ய வந்த ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர் எல்ம்ஸ்லி, அங்குள்ள மக்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் புற்றுப்புண் வருவதைக் கவனித்தார். காஷ்மீரத்தார் குளிர்காலத்தில் காங்கிரி என்ற நெருப்புச் சட்டியைத் தங்கள் தொளதொளத்த அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள். மண் சட்டியில் தணல். சுற்றிலும் பிரம்புக் கூடை. அது எங்கே உடலைத் தொடுகிறதோ, அங்கேதான் புண். 1866இல் அவர் இதை மருத்துவ ஏட்டில் எழுதினார். பின்பு ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையில் நீண்ட காலம் பணிசெய்த டாக்டர் எர்னஸ்ட் நெவ், அறுவை செய்த நோயாளிகளின் பதிவேடுகளைக்கொண்டு இதை விரிவாக ஆராய்ந்து, 1923இல் வெளியிட்டார். பெரிய கருவிகள் இருந்ததால் அல்ல, வந்தவர்களைக் கூர்ந்து பார்த்து எழுதிவைத்ததால் கிடைத்த அறிவு இது.

நம் சகோதரிகள் கவனிக்கவேண்டிய ஒரு காரியமும் உண்டு. 1945ஆம் ஆண்டிலேயே பம்பாயைச் சேர்ந்த டாக்டர் கனோல்கர், வேட்டியை இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் வரும் புற்றுநோயைக் குறித்து எழுதினார். புடவையையோ அதற்கு உள்ளே கட்டும் பாவாடை நாடாவையோ இடுப்பில் இறுக்கிக் கட்டியதால் அங்கே புண்ணாகி, அதில் புற்றுநோய் வந்த இரு பெண்களைக் குறித்து இந்திய மருத்துவர்கள் 2024ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். நாடா பட்ட இடம் கறுத்துச் சொரசொரப்பாவதை நாம் எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். புற்றுநோயாவது மிகவும் அரிது, பயப்படவேண்டாம். ஆனால் நாடாவைத் தளர்த்துங்கள். அகலமான பட்டி வைத்துத் தையுங்கள். கட்டும் இடத்தை மாற்றுங்கள். அங்கே புண் வந்தால் அதன்மேல் மறுபடியும் நாடாவைக் கட்டாதீர்கள்.

உணர்வற்ற கால்

தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்தார். ஆயினும் கைகால் விரல்கள் ஏன் அழிகின்றன என்பது வெகுகாலம் விளங்கவில்லை. சதை தானாகவே அழுகி விழுகிறது என்றே எண்ணினார்கள். நம் கொல்லிமலையில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூருக்கு வந்தபின், உண்மையான காரணத்தை எடுத்துக் காட்டினார். நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சுட்டாலும் வெட்டினாலும் அந்த மனிதர் கையை இழுப்பதில்லை, முள் குத்தினாலும் நடையை நிறுத்துவதில்லை. வலி எவ்வளவு பெரிய ஈவு என்பதை அவரே உலகத்துக்கு உணர்த்தினார். புண்பட்ட பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் அது ஆறும் என்பதையும், மெத்தென்ற ரப்பர் செருப்பு அணிந்தால் புண் வராமல் காக்கலாம் என்பதையும் வேலூரிலும் கரிகிரியிலும் உழைத்தவர்கள் நடைமுறையில் காட்டினார்கள்.

1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையினால் தொழுநோய் இன்று முற்றிலும் குணமாகிறது. மருந்து இலவசம். ஆனாலும் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. குணமானவர்களிலும், நரம்பு கெட்டபின் வந்தவர்களுக்கு உணர்வு திரும்புவதில்லை. அவர்களுடைய உள்ளங்கால் புண் ஆண்டுக்கணக்கில் நீடித்தால், சிலருக்கு அதில் புற்றுநோய் வருகிறது. வலி இல்லாததால் அவர்களும் அதைச் சொல்வதில்லை.

இது தொழுநோய் கண்டவர்களோடு நின்றுவிடும் காரியமல்ல. சர்க்கரை நோயும் கால் நரம்பைக் கெடுக்கிறது. 2023இல் வெளிவந்த ஆய்வின்படி நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உணர்வற்ற பாதம் இன்று நம் ஒவ்வொரு சபையிலும் உண்டு.

சிறு துண்டு சொல்லும் சாட்சி

கண்ணால் மட்டும் பார்த்துப் புற்றுநோய் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. நாட்பட்ட புண்ணின் ஓரத்தில் புற்றுநோயைப்போலவே சதை திரளும். ஆனால் சில வேளைகளில் அது புற்றுநோயாக இராது. அவசரப்பட்டால் காப்பாற்றக்கூடிய காலை வெட்டிவிட நேரிடும். தாமதித்தால் காப்பாற்றக்கூடிய உயிர் போய்விடும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று வழிகாட்டுவது பயாப்சி.

மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில் இரண்டு மூன்று இடங்களில் சிறு துண்டு எடுக்கிறார்கள். நடுவில் எடுத்தால் செத்த சதையே வரும். உண்மை ஓரத்தில் இருக்கிறது. அதைப் பார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பின் கீழே பார்க்கிறார்கள். செல்கள் தங்கள் எல்லைக்குள் நிற்கின்றனவா, எல்லை கடந்து கீழே இறங்கிவிட்டனவா என்பதே கேள்வி.

"கத்தி வைத்தால் பரவிவிடும்" என்ற பயம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு சகோதரி வந்தார். குழந்தைப் பருவத்தில் அடுப்பில் விழுந்ததால் முழங்காலின் பின்புறம் வெந்த தழும்பு. அதில் ஆறு மாதமாகப் புண். "கத்தி வைக்கவிடாதே" என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். நமது சர்ஜன் பொறுமையாக, "அம்மா, துண்டு எடுப்பதால் பரவாது. எடுக்காமல் காத்திருப்பதால்தான் பரவும்" என்று விளக்கினார். மாமியாரையும் வரவழைத்துச் சொன்னார். பயாப்சியில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆனால் ஆழம் போகவில்லை. சுற்றிலும் நல்ல சதை சிறிது சேர்த்து வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இன்று அவர் நடந்தே வந்து பரிசோதித்துக்கொள்கிறார். பெரியவருக்கும் இவருக்கும் வந்தது ஒரே நோய்தான். வித்தியாசம் சில மாதங்கள்.

இன்றைய ஆராய்ச்சி

மெலனோமாவைக் கண்டறிய, மச்சத்தின் வடிவம், ஓரம், நிறம், அளவு ஆகியவற்றைப் பார்க்கும் எளிய விதி ஒன்றை 1985இல் அமெரிக்க மருத்துவர்கள் வகுத்தார்கள். அது வெள்ளைத் தோலுக்கு மிகவும் உதவியது. கறுத்த தோலுடையவர்களுக்கும் ஆசிய மக்களுக்கும் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வருகிறது. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி 1981இல், 36 வயதில் மரித்தது, கால் பெருவிரல் நகத்தின் அடியில் தோன்றிய மெலனோமாவினாலேயே.

ஜப்பானியருக்கும் இது பாதத்தில் அதிகம் வருவதால், அங்குள்ள டாக்டர் சைடாவும் அவரோடு உழைத்தவர்களும் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் என்ற கைக்கருவியால் உள்ளங்கால் மச்சங்களை ஆராய்ந்தார்கள். நம் உள்ளங்காலில் உழுத வயல்போல வரப்பும் பள்ளமுமாகக் கோடுகள் உண்டு. கறுப்பு பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் தீங்கற்ற மச்சம். வரப்பின்மேல் ஓடினால் மெலனோமாவாக இருக்கலாம் என்று கண்டார்கள். கையில் அடங்கும் கருவியைக்கொண்டு, தோலை வெட்டுமுன்னே இவ்வளவு அறியமுடிகிறது.

கம்ப்யூட்டருக்குப் படங்களைக் காட்டி நோயைக் கண்டறியப் பழக்கும் ஆராய்ச்சியும் நடக்கிறது. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 1,30,000 படங்களைக்கொண்டு பழக்கிய கம்ப்யூட்டர், 21 தோல் நோய் நிபுணர்களுக்கு இணையாகப் புற்றுநோயை அடையாளம் கண்டது. ஆனால் இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் கறுத்த தோலில் அதிகம் தவறுகின்றன என்று 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. காரணம் எளியது: கறுத்த தோலின் படங்களை அவை போதுமான அளவு பார்த்ததில்லை. பார்க்காததை யாராலும் அறிய முடியாது. நம் மக்களின் தோலை நம் நாட்டில் ஆராயவேண்டியதன் அவசியம் இதில் விளங்கும்.

சிகிச்சையிலும் பெரிய மாறுதல் வந்திருக்கிறது. நம் உடலின் காவற்படைக்குப் புற்றுநோய் போட்டுவைக்கும் தடையை நீக்கும் வழியைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ ஆகிய இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகை மருந்துகளால், முன்பு மாதக்கணக்கில் மரித்துப்போன மெலனோமா நோயாளிகளில் பலர் இன்று ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். முற்றிய செதில் செல் புற்றுநோய்க்கும் 2018இல் அமெரிக்காவில் இவ்வகை மருந்து அனுமதிக்கப்பட்டது. ஆனால் இவற்றின் விலை நம் நோயாளிகளில் மிகச் சிலருக்கே எட்டும். ஒரு சிறு துண்டை முதல் மாதத்தில் எடுத்துப் பார்க்க ஆகும் செலவு அதில் தூசியளவே.

நீங்கள் செய்யக்கூடியது

லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தை நாம் வேகமாக வாசித்துவிட்டுப் போவதுண்டு. செமினரியில் எபிரெய மொழி படித்தபோது, அங்கே குஷ்டம் என்று மொழிபெயர்க்கப்பட்ட சொல் இன்றைய தொழுநோயை மாத்திரம் குறிப்பதல்ல என்று அறிந்தேன். துணியிலும் வீட்டுச் சுவரிலும் உண்டாகும் கறைக்கும் அதே சொல்தான். ஆனால் அங்கே ஆசாரியனுக்குக் கொடுக்கப்பட்ட வேலையைப் பாருங்கள். தோலைப் பார்க்கவேண்டும்; நிறத்தையும் ஆழத்தையும் பார்க்கவேண்டும்; சந்தேகமிருந்தால் ஏழு நாள் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும். பார்த்ததைச் சொல்லவும் வேண்டும். நான் தவறியது அந்தக் கடைசிக் காரியத்தில்.

உங்கள் வீட்டிலும் சபையிலும் பின்வருபவற்றைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள்:

1. ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புதிய புண்.
2. பழைய புண்ணிலோ தழும்பிலோ சதை மேலெழும்புதல், இரத்தம் கசிதல், புதிய வாடை, அளவு பெரிதாதல்.
3. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடியில் புதிதாகத் தோன்றிப் பரவும் கறுப்பு.
4. முகத்தில் அடிக்கடி பொருக்குத் தட்டி, உதிர்ந்து, மறுபடியும் புண்ணாகும் சிறு பரு.
5. உணர்ச்சியற்ற, வெளிறிய அல்லது சிவந்த தேமல். இது புற்றுநோயல்ல, தொழுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாக இரா. ஆயினும் அதைச் சொல்லவேண்டியவர் மருத்துவரே. வலிக்கவில்லை என்பதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் சிற்றாலயத்தில் பெரிய வியாழன் ஆராதனையில் பன்னிருவரின் கால்களைக் கழுவுகிற வழக்கம் உண்டு. முன்பெல்லாம் பாதத்தின் மேல் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவேன். இப்போது ஒவ்வொரு பாதத்தையும் மெதுவாகத் திருப்பி, உள்ளங்காலையும் பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பார்த்ததில், நம் தோட்டக்காரரின் குதிகாலில் அவரே அறியாத புண் ஒன்று இருந்தது. மறுநாள் பெரிய வெள்ளி. வெளிநோயாளர் பிரிவு விடுமுறை. ஆனாலும் அன்று காலையே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அது வெறும் ஆணிப் புண். மாவுக்கட்டில் ஆறு வாரத்தில் ஆறிற்று.

இம்மருத்துவமனையை ஜெபத்திலும் காணிக்கையிலும் நீங்கள் தாங்குகிறீர்கள். இந்த முறை உங்கள் கண்களையும் கேட்கிறேன். இந்த ஞாயிறு வீடு திரும்பியதும், உங்கள் தகப்பனார், தாயார், பாட்டி, தாத்தாவின் பாதங்களை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கண்டதைச் சொல்லுங்கள்.

உங்கள் ஊழியன்,
மருத்துவமனை சாப்ளின்